சாப்பாட்டுக்கு நன்றி

ஃபெர்கஸ் ஃபால்ஸில் நாலரைக்கே இருட்டிவிடுகிறது.
ராக்ன்ஹில்ட் உருளைக்கிழங்கு மாவைத்
தேய்த்துக்கொண்டிருக்கிறாள், லெஃப்ஸ.
சப்பாத்தி என்றேன். இல்லை என்றாள்.
அடுத்ததை என்னையே திருப்பச் சொன்னாள், நீளக் குச்சியால்.
கிழிந்தது.
தடயம் இல்லாமல் அதை ஆர்வே தின்றுவிட்டார்.

மேசையை விட்டு எழும்போது ஒவ்வொருவரும் சொல்வது
தக் ஃபர் மாத்தன்:
சாப்பாட்டுக்கு நன்றி.
ஆறு வயது ஐவிந்த்கூட, மோவாயில் ஜாம் வழிய.
சொல்லாமல் நாற்காலியைத் தள்ளியவள்
முதல் வாரம் முழுக்க நான் ஒருத்திதான்.
எங்களூரில் நன்றி
மைக் முன்னால் சொல்வது,
பாதிப்பேர் எழுந்து போனபிறகு.

ஞாயிறு காலை போனில்
புளிக்குழம்பு வைத்த கதையை
அம்மா சொல்லி முடிக்க,
வாய் தவறி வந்துவிட்டது:
சாப்பாட்டுக்கு நன்றிம்மா.

அந்தப் பக்கம் சத்தமே இல்லை.
பிறகு,
"ஏண்டி, உடம்பு கிடம்பு சரியில்லையா?
அந்தம்மாகிட்ட போனைக் குடு."

கொடுத்தேன்.
ராக்ன்ஹில்டுக்குத் தமிழ் தெரியாது.
அம்மாவின் இங்கிலீஷ்
ரேஷன் கார்டு விண்ணப்பம் வரைக்கும்.
பத்து நிமிஷம் பேசினார்கள்.
வெண்ணெயில் முட்டை கருகிக்கொண்டிருந்தது.