இரண்டரை அறை வீடு

கொழிஞ்சாம்பாறையில் கணக்கெடுக்கப் போனேன்.
படிவத்தில் எல்லாருக்கும் ஒரே கட்டம்:
தமிழர்.

வாய்க்காலுக்குக் கிழக்கே
நிலம் வாங்க வந்தவர்களின் பேரப்பிள்ளைகள்.
வெள்ளை ரேஷன் கார்டு, இரண்டு போர்வெல்,
கோவையில் பல் மருத்துவம் படிக்கும் பெண்.
மேற்கே
அதே நிலத்தில் களை பறிக்க வந்தவர்களின்
பேரப்பிள்ளைகள்.
மஞ்சள் கார்டு.
பத்தோடு நிறுத்திக்கொண்டு
தேங்காய் லாரியில் ஏறிய பையன்கள்.
குழாயில் என்றைக்குத் தண்ணீர் வரும் என்றேன்,
சிரித்தார்கள். சிரிப்புக்குக் கட்டம் இல்லை.

பாலக்காட்டிலிருந்து சூப்பர்வைசர் போனில்:
'ஒரே பாஷைதானே?'
ஆமாம் சார்.
'அப்போ கூட்டி வகுத்துடுங்க.'

வகுத்தேன்.
சராசரித் தமிழருக்கு இரண்டரை அறை,
முக்கால் மோட்டார் சைக்கிள்,
பதினொரு கிராம் தங்கம்.
அந்த வீட்டைத் தேடி இரண்டு நாள் நடந்தேன்.
ஒரு நாய்கூடக் குரைக்கவில்லை.

நகை இருக்கா என்று கேட்டபோது
இல்லை என்றிருந்தாள் மேற்குத் தெரு மாசாணி.
காதுத் துளை தூர்ந்துவிடாமல்
வேப்பங்குச்சி செருகியிருந்தாள்.
கிழக்கே, திருமூர்த்தியின் அடகுக் கடையில்
இரும்புப் பெட்டி நிறையக் காகிதப் பொட்டலங்கள்,
ஒவ்வொன்றின் மேலும் பென்சிலில் ஒரு பெயர்.
மேலாக இருந்ததில் அவள் பெயர்.

'இது யார் கணக்குங்க?'
'மூணு வருஷமா மூக்கலை.
இனி எழுதிக்கங்க, நம்முதுதான்.'

எழுதினேன்.
பிறகு கூட்டி வகுத்ததில்
பாதிக் கம்மல்
அவளுக்கே திரும்பியிருந்தது,
காகிதத்தில்.