வடிதாள்

கூட்டாஹ்யா பீங்கான் ஆலை, அரவைப் பிரிவு.
ஜெவ்தெத்தின் காலரில் குழாயைச் செருகினேன்,
இடுப்பில் பம்பு.
"நான் மூச்சைக் குறைத்துக்கொண்டால்
எண்ணும் குறையுமா?"
ஓய்வூதியத்துக்கு இன்னும் பதினொரு மாதமாம்,
அதுவரை ஆலையைப் பூட்டிவிடக் கூடாதாம்.

இது உங்கள் மூச்சை அளப்பதில்லை,
மூக்கருகே வருகிற காற்றை.
அதற்கு அடக்கத் தெரியாது.

தரையெல்லாம் ஈரம்.
நான் வருவது தெரிந்து
விடியலிலேயே யாரோ கழுவியிருக்கிறார்கள்.

எட்டு மணி நேரம் கழித்து
பம்பைக் கழற்றிப் பெட்டிக்குள் வைத்தேன்.
அதன் பிறகுதான்
வாசல் வெயிலில் நின்று
அவர் சட்டையை உதறினார்.
மினுமினுத்தது. இருமினார்.

தராசில் வடிதாள்:
போனதைவிட ஓர் இமைமயிர்கூடக் கூடவில்லை.
வரம்புக்குள்.

படிவத்தில்
ஈரத்தரைக்கென்று கட்டம் கிடையாது.
ஓரத்தில் எழுதினேன்,
பேனா அழுந்தி
மறுபக்கம் தெரியும்படி.