பாலத்துக்கு இந்தப் பக்கம்

மரியெட்டாவில் எங்கள் கிடங்கின் பின்கதவைத் திறந்தால்
ஒஹையோ ஆறு.
பெயர் எங்கள் மாநிலத்தின் பெயர்தான்,
தண்ணீர் அக்கரைக்காரர்களுடையது.
யாரோ எப்போதோ கோடு கிழித்தபோது
எங்களுக்கு மிஞ்சியது கரை, கொஞ்சம் சேறு.

நான் லோர்னா ஸ்டக்கி. உரிமங்கள் என் மேசை.
சக்கர நாற்காலி, மருந்தேற்றும் பம்பு,
காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் இயந்திரம்,
எது எந்த மாநிலத்துக்குள் போகலாம் என்று
எனக்குத் தெரிந்தால் போதும்.
ஓட்டுநர்களுக்குச் சாலை தெரிந்தால் போதும்.

ஒரு மாநிலம் கைரேகை கேட்கும்.
ஒன்று பிணைப் பத்திரம்.
ஒன்று கிடங்கின் வரைபடம், அதில்
கழிவறை எந்த மூலையில் என்பதும் வேண்டும்.
இன்னொன்று, நாங்கள் நல்லவர்கள்தானா என்று
எங்கள் மாநிலத்திடமே எழுதி வாங்கி வரச் சொல்லும்.
அதற்கு ஆறு வாரம்.
நல்லவர் என்று தெரிய அவ்வளவு நாளாகும் போல.

செப்டம்பர் முப்பதாம் தேதி ஒன்று காலாவதியானது.
இரண்டாம் பக்கத்தில் ஒரு கையெழுத்து இல்லையென்று
படிவத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.
அந்த வாரம் எனக்குப் பல்வலி.
பல்வலிக்குக் கட்டம் எதுவும் படிவத்தில் இல்லை.

மறுநாள் மாலை அக்கரையிலிருந்து அழைப்பு.
டெல்பர்ட் காட்ரில், எழுபத்தொன்று,
நுரையீரலில் முப்பது வருடச் சுரங்கம்.
மருத்துவமனை அவரை வீட்டுக்கு அனுப்புகிறது.
மருத்துவர் சீட்டு சரி. காப்பீடு சரி.
இயந்திரம் எங்கள் வண்டியில் ஏறியாகிவிட்டது.
பாலம் ஐந்தே நிமிடம்.
கைக்கு எட்டியது மூக்குக்கு எட்டவில்லை.

முதலாளி வென்டல் கதவோரம் வந்து நின்றார்.
"உன் காரில் போட்டுக் கொண்டுபோய்விடேன், லோர்னா.
யாரிடமும் மூச்சு விடாதே."
சொன்ன பிறகுதான்
சொன்னது அவர் காதில் விழுந்தது.
இருவரும் சிரிக்கவில்லை.

போயிருப்பேன்.
சாவியைக் கையில் எடுத்துவிட்டேன்.
ஆனால் மூன்று வருடத்துக்கு முன் ஒரு பிப்ரவரி:
பம்புகளில் ஒரு தொகுதி சொட்டு எண்ணத் தவறுகிறதென்று
தயாரித்தவர்களின் கடிதம்.
எந்தப் பம்பு எந்த வீட்டில் என்பது
உரிமம் கேட்கிறதே என்று திட்டிக்கொண்டே
நான் நிரப்பிய பேரேட்டில் இருந்தது.
முப்பத்தொரு வீடுகள். விடிவதற்குள்
முப்பத்தொன்றையும் தொலைபேசியில் எழுப்பினேன்.

முப்பத்திரண்டாவது ஒன்று இருந்தது.
யாரோ கார் டிக்கியில் வைத்து மலிவாக விற்றது.
எவருடைய பேரேட்டிலும் இல்லை.
அந்த வீட்டு முகவரியை
மரண அறிவிப்பில்தான் படித்தேன்.

சாவியை வைத்துவிட்டு
பார்க்கர்ஸ்பர்க் ட்ரூடி மொலஹானைக் கூப்பிட்டேன்.
எங்கள் முதியோர் இல்ல ஒப்பந்தத்தைத் தட்டிப் பறித்தவள்,
ஆனால் அக்கரையில் உரிமம் உள்ளவள்.
"வாடிக்கையாளர் யாருடையவர்?" என்றாள்.
"உன்னுடையவர்."
"எப்போதுவரை?"
"எப்போதும்."

அவள் வண்டி போய்ச் சேர இரவு ஒன்பது.
அதுவரை டெல்பர்ட் மருத்துவமனைத் தாழ்வாரத்தில்
கோட்டை மாட்டியபடி, தொப்பியை மடியில் வைத்தபடி,
அவர்கள் சிலிண்டரில் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்.
நான் பின்கதவில் நின்று
எங்களுடையதல்லாத தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பத்தொன்பதாம் நாள் உரிமம் வந்தது.
பார்வையில் படும்படி மாட்ட வேண்டும் என்பது விதி.
வங்கி கொடுத்த காலண்டரை இறக்கிவிட்டு மாட்டினேன்.

அதே தபாலில் காட்ரிலின் மகள் எழுதிய புகார்:
கிழவரை நான்கு மணி நேரம் காக்க வைத்தது,
காரணம் கேட்டால் காகிதம் என்றது.
புகாருக்கென்று தனிக் கோப்பு வைத்திருக்க வேண்டும்,
அதுவும் விதி.
திறந்தேன். துளையிட்டேன். சேர்த்தேன்.
எழுதியிருந்ததெல்லாம் உண்மை.
என் பெயர் மட்டும் லோரா என்றிருந்தது.
திருத்தவில்லை.