தூபாவுக்கு ஒரு ஃபா

நகராட்சி அலுவலக நகலெடுக்கும் எந்திரம்
நாற்பத்தியொரு தாள் துப்புவதற்குள் இரண்டு முறை சிக்கியது.
வெளியே சேன்-பெனுவாவின் மழை,
விடியலில் தொடங்கி, யாருக்கும் பதில் சொல்லாமல்.

நாற்பது பேர் ஊதுவார்கள், அடிப்பார்கள்.
ஒருத்தி மட்டும் மீட்டுவாள்:
ஜிஸ்லேன் பூங்காவனோன்,
கரும்பாலை எடைமேடையில் லாரி நிறுப்பவள்.
அவள் யுகுலேலே ஒரு முழத்துக்குக் கொஞ்சம் மேல்,
நான்கு நைலான் தந்தி.
பக்கத்தில் ஒருவன் டிரம்பெட்டில் எச்சில் வடித்தாலே
அதன் சத்தம் மூழ்கிவிடும்.

ஒலிபெருக்கி வைக்கலாமே என்றார் மேயரின் உதவியாளர்.
நான் காரைக்காலில் பிறந்தவன்.
ஒலிபெருக்கி என்ன செய்யும் என்று
எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

அதனால் ஒரு வாரமாக நான் எழுதியது
பெரும்பாலும் ஓய்வு.
எட்டு கிளாரினெட்டில் இரண்டு போதும்.
டிரம்பெட்டின் வாயில் அடைப்பான்.
தூபாவுக்கு ஐம்பத்தெட்டு கட்டம் மௌனம்:
ஒரு தடித்த கோடு, மேலே ஓர் எண்.

ஃபுல்பேர் தெஷே தாளைப் புரட்டிப் பார்த்தான்,
பின்பக்கத்தையும்.
"இந்தப் பத்துக் கிலோவைத் தூக்கிக்கொண்டு
மாடி ஏறியது எண்ணுவதற்கா?"

சுருதி இன்னொரு தலைவலி.
ஊதுகிறவர்களுக்கு உகந்தது சி பெமோல்,
யுகுலேலேக்கு தோ.
நடுவில் ஃபாவில் ஒப்பந்தம் போட்டேன்.
அந்த ஒரே ஃபாவை
கிளாரினெட் தாளில் சோல் என்று எழுத வேண்டும்,
ஆல்ட்டோ சாக்ஸபோனுக்கு ரே,
கொம்புக்கு தோ.
எழுதுவது ஒன்று, ஒலிப்பது ஒன்று.
பூங்காவனம் என்று வாய்விட்டுச் சொன்னவளை
பூங்காவனோன் என்று பதிந்த துறைமுகக் குமாஸ்தாவும்
இதே வேலையைத்தான் செய்தான்.
திரும்ப ஒலிக்கும் வழியை மட்டும் குறிக்காமல் விட்டான்.
தூபாவுக்கு ஃபா என்றால் ஃபா.

ஆனால் ஃபாவில் வாசித்தால்
நான்கு கட்டத்துக்கு ஒருமுறை சி பெமோல் கூட்டு வரும்.
ஆள்காட்டி விரல் படுத்து
இரண்டு தந்தியைச் சேர்த்து அழுத்த வேண்டும்.
ஜிஸ்லேனின் ஆள்காட்டி விரல் சொன்னபடி கேட்காது.
எடைமேடையின் இரும்புக் கதவு, மூன்று வருடம் முன்.
மற்றதையெல்லாம் மீதி விரல்களால் ஒப்பேற்றிவிடுவாள்.
அவள் சொன்னதில்லை, நான் பார்த்திருந்தேன்.
அந்த இடங்களில் அவளுக்கு ஓய்வு எழுதி
டிராம்போன்களிடம் கொடுத்துவிட்டேன்.
கருணை என்று நினைத்துக்கொண்டேன் போல.

ஒத்திகையில் ஏழாம் கட்டத்தில் நிறுத்தினாள்.
"இங்கே ஏன் நான் சும்மா இருக்கிறேன்?"
இசைநயம் பற்றி நான் ஏதோ சொன்னேன்.
"லாரிக்காரர்களும் எடையைப் பற்றி
இப்படித்தான் பேசுவார்கள்" என்றாள்.
கிளாரினெட் வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

என் பென்சிலை வாங்கி ஓய்வுக்குறியை அடித்தாள்.
நடுவிரல், மோதிரவிரல்.
இரண்டே தந்தி.
சி பெமோல். ரே.
ஒரு பக்கம் சுவர் எழுப்பாத அறை மாதிரி
நின்றது அது.
தகரக் கூரையில் மழை,
எந்தச் சுருதியிலும் சேராமல்.

எண்ணுவதை விட்டுவிட்டு
ஃபுல்பேர் தெஷே
யாரையும் கேட்காமல் ஊதினான்,
அடியிலிருந்து ஒரு ஃபா,
நிறைந்த கிண்ணத்தை மேசையில் வைப்பதுபோல்.
தூபாவா அது என்று இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.
ஜிஸ்லேன் திரும்பவில்லை.
எட்டாம் கட்டத்துக்குப் போய்விட்டாள்.

ஆக, மூன்று தாள் மாறுகிறது.
பறிகொடுத்த டிராம்போன்கள் முணுமுணுக்கின்றன,
எந்திரம் மறுபடி சிக்கியிருக்கிறது.
தூபா தாளில் ஐம்பத்தெட்டை அழித்து எழுதுகிறேன்:
ஆறு ஓய்வு, ஒரு ஃபா,
மூன்று ஓய்வு, ஒரு ஃபா,
மூன்று ஓய்வு.
"இதை எண்ணுவது அதைவிடக் கஷ்டம்" என்கிறான் ஃபுல்பேர்,
மை காயுமுன் தாளைப் பிடுங்கிக்கொண்டு.