என்கிற

பழைய மெட்ராஸ் ரோட்டில் டயர்க் கடைக்கு மேலே
மூன்றாம் மாடி. இரவு பத்துக்கு உட்காருவேன்.
கியூபெக்கில் அப்போது மதியச் சாப்பாடு.
சாப்பிடுகிறவர்கள் எனக்கு வேண்டாம்,
அவர்களுடைய செத்தவர்கள்தான் என் வேலை.

ஆற்றங்கரைக் கோயில்களின் ஞானஸ்நானப் பதிவேடு.
பக்கத்துக்கு நாலு ரூபாய் எழுபது காசு.
பாதிரியாருக்கு மை தீர்ந்த நாள் எனக்குத் தெரியும்.
குளிரில் கை விறைத்த நாளும் தெரியும்,
எழுத்தின் வால் உடைந்திருக்கும்.

முதல் வாரம் தடுக்கிவிட்ட சொல்லுக்கு மூன்றே எழுத்து.
'டி' என்று பல்லுக்குள் முடிந்துவிடும்.
மிஷேல் கொபெய் டி புவாவேர்.
டீம் லீடர் சித்தலிங்கப்பா சொன்னார்:
போலீஸ்காரன் போஸ்டரில் போடுவானேம்மா, அலயஸ், அதான்.
நான் நோட்டில் எழுதிக்கொண்டேன்:
மிஷேல் கொபெய் என்கிற பச்சைக்காடு.

பட்டாளத்தில் ஒட்டிய பெயர்கள்.
ஒரே கூடாரத்தில் ஏழு மிஷேல் படுத்திருந்தால்
கேப்டன் யாரை எழுப்புவான்?
ஒருவன் பூ. ஒருவன் கவலையில்லாதவன்.
ஒருவன், சத்தியமாக, நல்லமனசோடுபோ.

மர்ஃபி டவுனில் எங்கள் சந்தில் மூன்று துளசிங்கம்.
பஞ்சர் துளசி, குட்டை துளசி,
குதிரைக்குக் கொள்ளு வைத்த என் அப்பா ரேஸ்கோர்ஸ் துளசி.
பஞ்சர் துளசிக்கு வந்த சம்மன் எல்லாம்
எங்கள் கதவைத் தட்டிவிட்டுத்தான் போகும்.

மாசச்சூசெட்ஸிலிருந்து கிரீன்வுட் என்று ஒருவர்.
முன்னோரை இங்கிலாந்தில் தேடிப் பணத்தைத் தொலைத்தவர்.
அவருடைய கொள்ளுத்தாத்தா நூல் மில் வாசலில் நின்ற காலையில்
கணக்கெழுதியவன் வாயில் புவாவேர் நுழையவில்லை.
அர்த்தத்தைக் கேட்டான், அதையே எழுதினான்.
மூன்று இரவில் பிடித்துவிட்டேன்.

மிஷேலின் மனைவி மேரி ஆன் கிரெனியே.
மூன்று கல்யாணம். மூன்று பேரையும் புதைத்தாள்.
ஒவ்வொரு பக்கத்திலும் கிரெனியே, அவளைப் புதைத்த பக்கத்திலும்
அப்பன் பெயர் அப்படியே, மண் ஒட்டாமல்.
எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது.
பான் கார்டில் நான் துளசிங்கம் செங்கமலம்,
ஆதாரில் செங்கமலம் மாசிலாமணி,
ரேஷன் கார்டில் கன்னடத்தில் சங்கமல்லம்மா.
பாஸ்போர்ட் படிவத்தில் குடும்பப்பெயர்க் கட்டம்
வாயைத் திறந்து உட்கார்ந்திருக்கிறது, இன்னும்.

பிறகு அந்தப் பக்கத்தின் அடியில் ஒரு வரி.
பூர்வகுடிப் பெண், வயது ஏறக்குறைய பன்னிரண்டு,
இன்று வைத்த பெயர் மேரி,
விதவை கிரெனியேவுக்குச் சொந்தம்.

சொந்தம் என்றால் எங்கள் சந்தில் உறவு.
இரண்டு தரம் படித்த பிறகுதான்
மாடு கன்றுக்கும் அதே சொல் என்பது உறைத்தது.

குடும்பப்பெயர் காலியாக இருந்தால் கணினி ஏற்காது, சிவந்துபோகும்.
'தெரியாது' என்று அடிக்கச் சொல்கிறது கையேடு.
யாருக்குத் தெரியாது?
அவள் அம்மாவுக்குத் தெரிந்திருக்குமே.
அடித்தேன். பக்கத்துக்கு நாலு ரூபாய் எழுபது காசு.

கிரீன்வுட் கேட்டது தன் கொடிவழி மட்டும்.
அறிக்கையின் பதினோராம் பக்கத்தில் அவளையும் வைத்தேன்.
சித்தலிங்கப்பா பார்த்தார். எடுக்கவில்லை, எதுவும் கேட்கவில்லை.
கிரீன்வுட்டிடமிருந்து ஐந்து நட்சத்திரம் வந்தது.
பதினோராம் பக்கம் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

விடிகாலை ஐந்தரை, தூறல்.
கேட்டில் நிரஞ்சன் பெஹெரா நோட்டை நீட்டினான்.
புது விதியாம், சர்நேமும் வேண்டுமாம்.
செங்கமலம் என்கிற ரேஸ்கோர்ஸ் என்று எழுதினேன்,
தமிழில்.
அவன் மணியை மட்டும் சரிபார்த்துவிட்டு
நோட்டு நனையாமல் சட்டைக்குள் வைத்துக்கொண்டான்.