நான்காம் எண் கார் நிறுத்தகம்

ஹூஸ்டனில் இந்த இடத்தை
மேலிருந்து பார்த்தால் தனி ஊர்போல இருக்குமாம்.
நான் கீழிருந்துதான் பார்த்திருக்கிறேன்.
இதயத்துக்கு ஒரு கோபுரம், குழந்தைகளுக்கு ஒன்று,
புற்றுக்கு மூன்று,
நான்காவதற்குக் கிரேன் வந்து நிற்கிறது.
கட்டடத்துக்குக் கட்டடம் கண்ணாடிப் பாலம்.
அதில் இரவெல்லாம் யாராவது
ஐஸ் பெட்டியைத் தள்ளிக்கொண்டு போவார்கள்.
உள்ளே ரத்தமோ, ஆய்வுக்கூடத்து எலியின் மூளையோ,
எவருடைய மத்தியானச் சோறோ.
எனக்குத் தெரிந்தது சீட்டு மட்டும்:
அரைமணிக்கு இவ்வளவு, நாளுக்கு இவ்வளவு,
தொலைத்தால் இவ்வளவு.

இங்கே வருகிறவர்கள்
முதலில் தொலைப்பது காரைத்தான்.
அதற்காகவே தளங்களுக்குப் பறவைப் பெயர்.
இரண்டு கொக்கு, மூன்று ஆந்தை, ஆறு கூழைக்கடா.
சுவரில் பெரிதாகப் படமும் உண்டு.
ஸ்கேன் அறையில் ஒரு சொல் கேட்டு வருகிறவருக்கு
கொக்கென்ன, ஆந்தையென்ன.

அவர் வந்தபோது இரண்டே முக்கால் மணி.
கையில் கயிறு சுருக்கிய பிளாஸ்டிக் பை.
அந்தப் பையை எனக்குத் தெரியும்.
குணமாகிப் போகிறவர்கள் கூடவும் போகும்,
சக்கர நாற்காலியில், மடிமேல், பலூனோடு.
பை தனியாக வந்தால்
நான் தொகை சொல்வதில்லை.
பையில் ஒட்டியிருந்தது: வெர்லீன் ஃபோன்டெனோ.

"சீட்டைக் காணோம்."
எந்தத் தளம் என்றேன்.
யோசித்தார். "பறவை" என்றார்.

மஞ்சள் விளக்கு வைத்த சின்ன வண்டியில்
அவரை ஏற்றிக்கொண்டேன்.
உச்சியிலிருந்து தொடங்கினோம்.
சாவியை நீட்டி நீட்டி அமுக்கினார்.
கூழைக்கடா பேசவில்லை. ஐந்து பேசவில்லை.
நான்கில் ஒரு நர்ஸ் தன் காருக்குள்
ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துத் தூங்கினாள்,
அல்லது தூங்கவில்லை.
ஆந்தையில் அவர் சாவியை மறந்து
பையையே அமுக்கிக்கொண்டிருந்தார்,
நினைவூட்டினேன்.

கொக்கில், தூணோரம்,
ஒரு பச்சைக் கார் இரண்டு முறை கண் சிமிட்டியது.
மேலே விரல்கனம் தூசி.
யாரோ அதில் "கழுவு" என்று எழுதியிருந்தார்கள்.

"என்னுடையது டிரக்" என்றார்.
பிறகு கையிலிருந்த சாவியைப் பார்த்தார்.
பிறகு பையை.

"தங்கை மகன் கொண்டுவந்து விட்டான்,
காரும் அவனிடமே இருக்கட்டும் என்றாள்.
எனக்கு அன்றைக்கு ஆலையில் இரவு ஷிஃப்ட்."

கதவைத் திறந்தேன், அவர் திறக்காததால்.
டாஷ்போர்டில் சீட்டு, மடங்காமல்.
நாற்பத்தோரு நாளுக்கு முன், காலை ஐந்து பன்னிரண்டு.
இருக்கை முன்னால் தள்ளியிருந்தது.
சீட் பெல்ட்டில் ஒரு துண்டு சுற்றி
ஊக்குக் குத்தியிருந்தது,
வயிற்றில் உரசாமலிருக்க.

"போமோன்டிலிருந்து எண்பத்தைந்து மைல்" என்றார்,
என்னிடம் அல்ல.

ஏறி உட்கார்ந்தார். நெட்டையான மனிதர்,
முழங்கால் இரண்டும் ஸ்டியரிங்கில் முட்டின.
நெம்புகோல் எங்கே என்று காட்டினேன்.
"தெரியும், நெரெய்டா" என்றார்,
என் சட்டையிலிருந்த பெயரைப் படித்து.
இருக்கையைப் பின்னுக்குத் தள்ளவில்லை.
அப்படியே, வெட்டுக்கிளிபோல் மடங்கி,
சரிவில் இறங்கினார்.
பேயூ பொங்கினால் சாத்துவதற்கென்று வைத்த
இரும்புக் கதவைத் தாண்டி
என் ஜன்னலுக்கு வந்து சீட்டை நீட்டினார்.

இயந்திரம் கணக்குப் போட்டது.
மூன்று இலக்கம் என்பதோடு விடுகிறேன்.
நான் வேறு பொத்தானை அழுத்தினேன்.
கம்பு எழுந்தது.
பதிவேட்டில் எழுதினேன்:
மூன்று முப்பத்தொன்று, தடுப்புக் கம்பு சோதனை,
நன்றாக வேலை செய்கிறது.

விடிந்து ஷிஃப்ட் முடிந்ததும்
ஆந்தைத் தளத்துக்கு நடந்து போனேன்.
டிரக் அங்கேதான் நின்றது.
பின்னால் இரண்டு தூண்டில்கள்,
ஒரு தொப்பி, அவருடையது.
முன் இருக்கையில்
காயாத சலவை ஒரு கூடை,
எல்லாம் பெண் உடுப்பு, மடித்து.