முப்பத்தோராம் ஃபிரேம்

மன்னார்குடி, மேலராஜவீதிக்குப் பின்புறம்
உரக்கடை மாடியில் எங்கள் ஸ்டுடியோ.
யூரியா வாசனையில்தான்
தேவதைகள் பிறக்கிறார்கள்.

இன்றைக்கு ஒரு பெண் நாரையாக வேண்டும்.
இரண்டு விநாடி. ஐம்பது ஃபிரேம்.
முதலில் பெண் இருக்கிறாள், கடைசியில் நாரை இருக்கிறது.
நடுவில் இருப்பதற்குத்தான்
எனக்குச் சம்பளம்.

விரல் சிறகாவது சுலபம்,
சுட்டுவிரலை இழுத்துக்கொண்டே போனால் இறகு.
முழங்கால்தான் மசியவில்லை.
வடுவூர் ஏரிக்குப் போய்
ஒற்றைக்காலில் நின்ற ஒன்றை
போனில் பிடித்துவந்தான் ரியாசுதீன்.
பெரிதாக்கிப் பார்த்தால்
பின்னால் மடங்குவது முழங்காலே இல்லை,
கணுக்கால்.
மூன்று நாள் வேலை போச்சு.

முப்பத்தோராம் ஃபிரேமில்
அவளும் இல்லை, அதுவும் இல்லை.
தோல் கழன்று, இறகு இன்னும் ஒட்டாத
ஏதோ ஒன்று
வாயைத் திறந்து என்னைப் பார்க்கிறது.

"அதெல்லாம் எதுக்கு மேடம்,
ஒரு வெளிச்சத்தப் போட்டு மூடுங்க"
என்கிறார் சீரியல்காரர்.
தெரியும். இத்தனை வருஷமாக
தெரியாத இடத்தில் வெள்ளையைக் கொட்டித்தான்
வாடகை கட்டுகிறேன்.

பத்தாயிரம் துகள் போட்டேன். பொன்னிறம், சுழல்.
கல்யாண மண்டபத்தில் மறுநாள் கிடக்கும்
ஜிகினா மாதிரி இருந்தது.
அழித்தேன்.

ஐப்பசி மழை விட்ட நேரம்
ஜன்னல் இடுக்கில் ஈசல் புகுந்தது.
மானிட்டர் முழுக்க ஈசல்,
நாரை மேல், அவள் மேல்.
ரெண்டர் அறுபத்தோரு சதவிகிதத்தில்
கரண்ட் போனது.
யுபிஎஸ் கத்த, ரியாசுதீன்
ஜெனரேட்டருக்கு இறங்கி ஓட,
செல்போன் வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டிருந்தேன்:
கீபோர்டில் ஒன்று
உடம்பை ஒரு தரம் முறுக்கியது.
நாலு சிறகும் உதிர்ந்தன.
பின்னணி இசைகூட இல்லை.
எறும்பு மாதிரி நடந்து
எஸ்கேப் பட்டனுக்கு அடியில் போய்விட்டது.

சுழலை எடுத்தேன். துகளுக்கு எடை கொடுத்தேன்.
கொஞ்சம் தடுமாறி, வந்த திசை மறந்து
விழச் சொன்னேன்.
விழுந்தன.

விடிகாலை நாலு மணிக்கு ஃபைல் போனது.
கேட்ட வெளிச்சம் இருக்கிறது,
முப்பதில், முப்பத்திரண்டில்.
முப்பத்தொன்றை மட்டும் மூடவில்லை.

திங்கள் இரவு ஏழரைக்கு வருகிறது.
நீடாமங்கலத்தில் யாராவது
சோற்றில் ரசம் ஊற்றிக்கொண்டே
நிமிரக்கூடும்.
நிமிராவிட்டாலும் சரி.

கீபோர்டைக் கவிழ்த்துத் தட்டுகிறேன்.
இன்னும் சிறகு வருகிறது.